கோமதியின் தொமோதாச்சி

கோமதி தையல் மெஷினுக்கு அடியில் தவழ்ந்துகொண்டிருந்தாள். ஒரு கையில் செல்போன் டார்ச். இன்னொரு கையால் தரையைத் தடவித் தடவித் தேடினாள். முட்டி வலிக்கு மாதக்கணக்காகத் தைலம் தேய்க்கிறவள், சிமெண்ட் தரையில் முட்டி போட்டு, தலையெல்லாம் பஞ்சும் நூல் துணுக்குமாக இருந்தாள்.

“இங்கதான் புள்ள எங்கியோ விழுந்திருக்கோணும். அது என்ன றெக்கை முளைச்சா பறந்துரும்?” என்று சொல்லிக்கொண்டே மெஷின் காலைச் சுற்றி வந்தாள்.

அவள் தேடியது ஒரு ஊசி முனை. ஓர் அரிசியில் கால்வாசிகூட இருக்காது.

அது என் கையில் இருந்தது. மூடிய வலது உள்ளங்கையில், சுருக்கென்று குத்திக்கொண்டு இருந்தது.

“கெடைக்கல கோமு” என்றேன்.

போன வாரம் பத்திரிகையில் என் பக்கத்தில் கேண்டீன் சாம்பாரைப் பற்றி நாலு வரி எழுதியதற்கு கேண்டீன் அண்ணன் இரண்டு நாள் என் தட்டில் காயே போடவில்லை. அடுத்தவர்களைக் கிண்டல் செய்வது சுலபம். இந்த வாரம் என் முறை.

சாவி என்னிடம்

முதலில் என் உத்தியோகத்தைச் சொல்லிவிடுகிறேன், புதிதாக வாசிக்கிறவர்களுக்காக. பல்லடம் பக்கம் ஒரு ஏற்றுமதி பனியன் கம்பெனியில் நான் ஊசி ரூம் இன்சார்ஜ். மெஷினுக்குப் போகிற ஒவ்வொரு ஊசியும் என் கையால்தான் போக வேண்டும். சாவி என் இடுப்பில்.

ஊசி உடைந்தால் டெய்லர் உடைந்த துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு வர வேண்டும். நான் அவற்றை ரிஜிஸ்டரில் ஒரு கட்டத்துக்குள் அடுக்கி, முழு ஊசியாகச் சேர்கிறதா என்று பார்த்து, மேலே டேப் ஒட்டுவேன். சேர்ந்தால் புது ஊசி. சேராவிட்டால் மெஷின் நிற்கும். நானே காந்தக் கட்டையோடு போய்த் தரையைத் துழாவ வேண்டும்.

அப்படியும் கிடைக்கவில்லை என்றால், அந்த மெஷினில் இருந்த துணியை வெட்டிப் போட்டுவிட வேண்டும். இரும்பு இருந்தால் கத்துகிற டிடெக்டர் மெஷினில் விட்டுச் சத்தம் வராவிட்டாலும் சரி, வெட்டத்தான் வேண்டும். ஜப்பான் ஆர்டருக்கு இதுதான் சட்டம். அங்கே குழந்தைகள் போடுகிற உடுப்பு. ஒரு முனை உள்ளே தங்கிவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்தால் சட்டம் சரிதான் என்று தோன்றும்.

ஆளைப் பார்த்து சட்டத்தை வளைக்காதவள் என்று எனக்குக் கம்பெனியில் பெயர். சிலர் முதுகுக்குப் பின்னால் ‘காந்தம்’ என்பார்கள். எனக்கு அதில் உள்ளூரப் பெருமைதான்.

ஜன்னல் சீட்

கோமதி சாம்பிள் டெய்லர். பையர், அதாவது சரக்கு வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனி, படம் அனுப்பினால் முதல் உடுப்பை அவள்தான் தைப்பாள். நானும் அவளும் பதினெட்டு வருடமாக ஒரே கம்பெனி பஸ், ஒரே சீட். பொங்கலூரில் ஏறுவோம். ஜன்னல் ஓரம் எனக்கு. முதல் நாளே நான் போய் உட்கார்ந்துவிட்டேன், அவள் கேட்கவே இல்லை. பதினெட்டு வருடத்தில் ஒரு நாளும் கேட்டதில்லை.

நான் மடத்துக்குளத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். வந்த புதிதில் இந்த ஊரில் எனக்கு ஒரு முகம் தெரியாது. வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள் நான் பாத்ரூமில் அழுதுகொண்டிருந்தபோது கதவைத் தட்டி, “உள்ள ஆருங்க? அழுவறதுன்னா வெளிய வந்து அழுவுங்க, வரிசை நிக்குது” என்றாள் ஒருத்தி. வெளியே வந்தேன். டிபன் பாக்ஸைத் திறந்து நீட்டினாள். அதுதான் கோமதி.

அன்றைக்கு அதில் இருந்தது அரிசிம்பருப்புச் சோறு. அதன் பிறகு அவள் டிபனில் அரிசிம்பருப்பு என்றால் பாதி எனக்கு. இது எழுதி வைத்த உரிமை போல ஆகிவிட்டது.

என் கெட்ட குணத்தையும் சொல்ல வேண்டும். எனக்குச் சிநேகிதம் என்றால் அது எனக்கு மட்டும் இருக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்துப் பெண் வேறொருத்தியோடு தண்ணீர் குடிக்கப் போனாள் என்பதற்காக ஒரு டேர்ம் முழுக்கப் பேசாமல் இருந்தவள் நான். வயதானால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஆகவில்லை.

ஹாய்ங்க

போன வருடம் ஜப்பான் பையரிடமிருந்து குழந்தை உடுப்பு ஆர்டர் பெரிதாக வந்தது. கூடவே ஹருகா வந்தாள். அவர்கள் பக்கத்துத் தர ஆய்வாளர். முப்பத்தைந்து வயதிருக்கும். பத்து வாரம் இங்கேயே தங்கி ஒவ்வொரு லாட்டையும் பார்க்கப் போகிறாள் என்றார்கள். கழுத்தில் இஞ்ச் டேப், கையில் ஒரு குட்டித் துண்டு. வியர்வையை ஒற்றி ஒற்றி எடுப்பாள், துடைக்க மாட்டாள்.

அவள் வந்ததும் எங்கள் புரொடக்‌ஷன் மேனேஜர் சண்முகண்ணனுக்கு ஒரு யோசனை. ஸ்டாஃப் எல்லோரும் ஜப்பானிய மொழி நாலு வார்த்தை கற்றுக்கொண்டால் பையர் மகிழ்வார் என்று, கோயம்புத்தூரிலிருந்து வத்சலா டீச்சரை வீடியோவில் பிடித்தார். தினமும் சாயங்கால டீ நேரத்தில் அரை மணி. கட்டிங் ரூமில் டிவியை மாட்டி வைத்து, கையில் டீயும் வடையுமாக நாங்கள் கோரஸ் போட்டோம்.

எனக்கு வாயில் நுழையவில்லை. கோமதிக்கு மூன்றாம் நாளே வழுக்கிக்கொண்டு வந்தது. ஜப்பானில் ‘ஆமாம்’ என்பதற்கு ‘ஹாய்’. கோமதிக்கு மரியாதை இல்லாமல் பேசி வழக்கமில்லை. “ஹாய்ங்க” என்றாள். ஹருகா திகைத்துப் பார்த்து, பிறகு அந்தக் குட்டித் துண்டால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். மறுநாள் கோமதி குட் மார்னிங் சொன்னதும் அவளே “ஹாய்ங்க” என்றாள்.

கம்பெனியே சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

இரண்டாம் வாரம் ஹருகா, கோமதியின் தோளைத் தொட்டு, சண்முகண்ணனிடம் “தொமோதாச்சி” என்றாள். டீச்சரிடம் அர்த்தம் கேட்டோம். சிநேகிதி என்றார். கடித்த வடையை அப்படியே தட்டில் வைத்துவிட்டேன்.

பாதி டிபன்

அடுத்த வாரம் அரிசிம்பருப்பு போயிற்று.

மத்தியானம் நான் கை கழுவிவிட்டு வந்து பார்க்கிறேன், என் இடத்தில் ஹருகா. என் பாதி அவள் தட்டில். மேலே நெய் வேறு. எனக்கு ஒரு நாளும் நெய் கொண்டுவந்ததில்லை.

“ஊர் உட்டு ஊர் ஒறம்பர வந்த புள்ள, சித்த ருசி பாக்கட்டும்னு குடுத்தன். நீ இன்னிக்கு என் கொள்ளுக் கொழம்ப ஊத்திக்க” என்றாள் கோமதி.

“எனக்கு வேண்டாம். வயிறு சரியில்லை” என்றேன். வயிறு நன்றாகத்தான் இருந்தது, பசியும் இருந்தது.

பஸ்ஸிலும் மாற்றம். சில நாள் சாயங்காலம் ஹருகாவின் காரில் கோமதி ஏறிப் போவாள், கடைத்தெரு காட்டுகிறேன், பூ வாங்கித் தருகிறேன் என்று. நான் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, பக்கத்துக் காலி சீட்டில் என் பையை வைப்பேன். யாராவது உட்கார வந்தால் “ஆள் வருதுங்க” என்பேன். பஸ் பொங்கலூர் போய்ச் சேரும் வரை ஆள் வராது.

வீட்டில் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் விசைத்தறி ஓட்டுகிறவர், சத்தத்திலேயே இருந்து பழகியவர், பதிலைச் சுருக்கமாகத்தான் சொல்வார். “பத்து வாரத்துல போற புள்ளதான? உடு.”

உட முடியவில்லை.

ரிஜிஸ்டரின் பின்பக்கம்

அப்போதுதான் நான் ஜப்பானிய மொழியைத் தீவிரமாகக் கற்க ஆரம்பித்தேன். எல்லாம் அல்ல. எண்கள், அளவு, நிறம், வணக்கம் எதுவும் எனக்கு வேண்டாம். டீச்சருக்குத் தனியாக வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினேன். “டீச்சர், சிநேகிதம் சம்பந்தமா என்னென்ன வார்த்தை இருக்குதுங்களோ அத மட்டும் சொல்லிக் குடுங்க.”

அவர்கள் இரண்டு பேரும் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும். அவ்வளவுதான் காரணம். டீச்சர் அதை ஆர்வம் என்று நினைத்து, “சரஸ்வதி அக்காவைப் பாருங்கள், வகுப்புக்கு வெளியேயும் படிக்கிறார்கள்” என்று குரூப்பில் போட்டுவிட்டார். எல்லோரும் கை தட்டுகிற பொம்மை போட்டார்கள். கோமதி இரண்டு போட்டாள்.

டீச்சர் அனுப்பிய சொற்களை உடைந்த ஊசி ரிஜிஸ்டரின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தேன். தொமோதாச்சி என்றால் பொதுவாகச் சிநேகிதர், யாரையும் சொல்லலாம். நகாமா, ஒன்றாக வேலை செய்கிற கூட்டாளி. நகயோஷி என்றால் எப்போதும் ஒட்டிக்கொண்டே திரிகிறவர்கள். ஒசனநஜிமி, சின்ன வயதிலிருந்து கூட வளர்ந்தவர்.

பிறகு ஷின்யூ. “இது லேசில் சொல்கிற வார்த்தை இல்லை அக்கா. நமக்கு ஒரு ஆள், மிஞ்சிப் போனால் இரண்டு ஆள் இருப்பாங்க. உயிர்ச் சிநேகிதம்” என்றார் டீச்சர்.

‘உரயமஷீ’ என்று இன்னொன்று. ‘உன்னைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது’ என்று அர்த்தம். அதை அங்கே முகத்துக்கு நேரே சிரித்துக்கொண்டே சொல்வார்களாம். சிநேகிதி புதுப் புடவை கட்டி வந்தால் உரயமஷீ, ஊருக்குப் போனால் உரயமஷீ. கேட்டதும் எனக்கு ஆச்சரியம். நம் பக்கம் அப்படி வாய்விட்டுச் சொன்னால் கண் பட்டுவிடும் என்று அன்றைக்கே உப்பு மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டுவிடுவார்கள். அதனால் நாங்கள் சொல்ல மாட்டோம். உள்ளேயே வைத்துக்கொண்டு வயிற்றுவலி என்போம்.

கடைசிச் சொல் நகநாவோரி. சண்டை போட்டவர்கள் மறுபடி சேர்ந்துகொள்வது. எங்களுக்குள் சண்டையே வந்ததில்லை, இது எதற்கு என்று நினைத்துக்கொண்டே எழுதினேன்.

இத்தனையும் எழுதிவிட்டு, ஒரு சொல்லுக்காக மட்டும் காது வைத்துக் காத்திருந்தேன். கோமதி அவளை எப்போது ஷின்யூ என்று சொல்லப்போகிறாள்?

ஒன்பதாம் வாரம் வகுப்பில் கோமதி கை தூக்கினாள். “டீச்சர், நெம்ப நெம்ப நெருக்கமான சிநேகிதிய ஜப்பான்ல எப்படிங்க சொல்லோணும்?”

டீச்சர் சொன்னார். கோமதி அதை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டாள். வகுப்பு முடிந்ததும் டீ டம்ளரைக்கூட வைக்காமல் நேராக ஹருகாவின் ஆய்வு மேஜைக்கு ஓடினாள். கையைக் காட்டினாள். ஹருகா தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்தாள்.

நான் ஊசி ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

மஞ்சள் பனியன்

ஹருகா கிளம்ப இரண்டு நாள் இருந்தது. மத்தியான இடைவேளையில் கோமதி யாருக்கோ ஏதோ தைத்துக்கொண்டிருந்தாள். சாம்பிளுக்கு வெட்டி மிச்சமான எலுமிச்சை மஞ்சள் இன்டர்லாக் துணி. கழுத்தில் வெள்ளைப் பைப்பிங். சண்முகண்ணனிடம் அனுமதி வாங்கியிருந்தாள்.

“அந்தப் புள்ளைக்குத்தான். இங்கத்த வெயிலுக்கு ஒரு நல்ல பனியன் இல்லாம பத்து வாரம் வெந்து போச்சு, பாவம்.”

பதினெட்டு வருடம். ஊரே மெச்சுகிற சாம்பிள் டெய்லர். எனக்கு ஒரு கர்சீப் தைத்துக் கொடுத்ததில்லை. நான் கடையில் வாங்கின நைட்டியின் கை பிரிந்து, நானே வீட்டில் கையால் தைத்துப் போட்டிருக்கிறேன். மஞ்சள் எனக்குப் பிடித்த நிறம் என்பது அவளுக்குத் தெரியும்.

கீழ் ஓரம் மடித்து அடிக்கும்போது ஊசி உடைந்தது. கோமதி மூன்று துண்டு பொறுக்கிக்கொண்டு வந்தாள். கட்டத்தில் அடுக்கினேன். முனை இல்லை.

சட்டப்படி காந்தக் கட்டையோடு போனேன். மெஷினின் பின்கால் ஓரம், பஞ்சுக்கு நடுவில் வைத்தவுடனே டிக் என்று ஒட்டியது. அவ்வளவு லேசாகக் கிடைத்துவிட்டது. கோமதி எதிர்ப்பக்கம் குனிந்திருந்தாள், பார்க்கவில்லை.

நான் யோசித்துச் செய்தேன் என்று சொல்ல முடியாது. யோசிக்காமல் செய்தேன் என்றும் சொல்ல முடியாது. விரல் தானாக மூடிக்கொண்டது, அதை நான் திறக்கவில்லை.

இடைவேளை முடிந்து மணி அடித்தும் அவள் தேடினாள். நான் கூட நின்றேன். டார்ச்சை இப்படிக் காட்டு, அப்படிக் காட்டு என்றேன். கடைசியில் அவளே எழுந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு, பனியனை மெஷினிலிருந்து எடுத்து என்னிடம் நீட்டினாள்.

“இந்தா புள்ள. வெட்டிரு.”

ஒரு முறை கேட்டிருக்கலாம். ‘டிடெக்டர்ல விட்டுப் பாரேன் சரசு, ஆருக்குத் தெரியப் போவுது’ என்று ஒரு வார்த்தை கெஞ்சியிருந்தால், நான் கையைத் திறந்திருப்பேனோ என்னவோ. அவள் கேட்கவில்லை. என்னை அப்படி ஓர் இக்கட்டில் நிறுத்தக் கூடாது என்று நினைத்திருக்கிறாள்.

வெட்டினேன். இன்டர்லாக் துணி கத்தரிக்கோலுக்கு வெண்ணெய் மாதிரி வரும். கழுத்துப் பைப்பிங்கில் மட்டும் சற்று நின்றது.

குனிந்த தலை

ஹருகா எல்லாவற்றையும் தன் மேஜையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். எழுந்து வந்தாள். என் முன்னால் நின்று இடுப்பு வரை குனிந்தாள். யாரும் என்னை அப்படி வணங்கியதில்லை. எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

செல்போனில் ஏதோ பேசினாள். போன் அதைத் தமிழில் சொன்னது, செய்தி வாசிக்கிற குரலில்.

“கோமதி தினமும் உங்களைப் பற்றிப் பேசுவார். சென்ற வாரம் உங்களைக் குறிக்கும் சரியான சொல்லைத் தன் கையில் எழுதி வந்து எனக்குக் காட்டினார். உயிர்த் தோழிக்காகக்கூட நீங்கள் விதியை மீறவில்லை. நான் உங்களை நம்புகிறேன்.”

பிறகு போனை இறக்கிவிட்டு, என்னைக் காட்டி “ஷின்யூ” என்றாள். தன் நெஞ்சைத் தொட்டு “தொமோதாச்சி” என்றாள். எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னாள்: “உரயமஷீ.”

கோமதிக்கு அந்தச் சொல் தெரியாது. வகுப்பில் அது வரவில்லை. “என்ன புள்ள சொல்லுது?” என்று என்னைக் கேட்டாள்.

“ஒண்ணுமில்ல. நல்லா இருங்கன்னு சொல்லுது” என்றேன். ஒரே நாளில் இரண்டாவது பொய்.

ஹருகா போய்விட்டாள், மஞ்சள் பனியன் இல்லாமல். அடுத்த மீட்டிங்கில் சண்முகண்ணன் என்னை எழுப்பி நிறுத்தி, “சொந்தச் சிநேகிதின்னுகூடப் பாக்கலீங்க, சரஸ்வதியாட்ட இருக்கோணும்” என்று எல்லோரையும் கை தட்ட வைத்தார். கோமதி தட்டியது எனக்குத் தனியாகக் கேட்டது.

மறு வாரம் பஸ்ஸில் அவள் என் மடியில் ஒரு பொட்டலத்தைப் போட்டாள். எலுமிச்சை மஞ்சளில் டிபன் பை. வெள்ளைப் பைப்பிங். அந்தத் துணியிலேயே இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்ததாம்.

“அன்னிக்கு வெட்டறப்ப உன்ற மூஞ்சி செத்தே போச்சு புள்ள. என்னையவிட நீதான் எச்சா வெசனப்பட்டே. அதுங்காட்டித்தான் இது.”

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வியாழக்கிழமை

அந்த முனையை நான் எறியவில்லை. எங்கே எறிவது? எறிந்த இடத்திலிருந்து யார் காலிலாவது ஏறும், எந்தத் துணியிலாவது போகும். ஊசி ரூம்காரிக்கு அந்தப் பயம் விடாது. டேப் துண்டில் ஒட்டி, மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் இத்தனை நாள் வைத்திருந்தேன். கண்ணாடி எடுக்கும்போதெல்லாம் பார்த்தேன்.

நேற்று அதை எடுத்து, ரிஜிஸ்டரில் அந்தப் பழைய பக்கத்தைத் திருப்பி, மூன்று துண்டோடு நாலாவதாக ஒட்டிவிட்டேன். ஊசி முழுசாகச் சேர்ந்தது. பக்கத்தில் நேற்றைய தேதியைப் போட்டு, ‘இது அன்றே கிடைத்தது, மறைத்தது நான்’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். சண்முகண்ணன் பார்த்தால் சாவியைக் கேட்பார். கேட்டால் கொடுக்க வேண்டியதுதான்.

எனக்குப் பயம் அது இல்லை.

இந்தப் பத்திரிகை வியாழக்கிழமை காலை கடைக்கு வரும். முதல் ஆளாக வாங்குவது கோமதி. பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து, என் பக்கத்தை எடுத்து, பஸ்ஸுக்கே கேட்கிற மாதிரி சத்தமாக வாசிப்பாள். முதல் வாரத்திலிருந்து அப்படித்தான். “எங்க சரசு எழுதுனது, கேளுங்க” என்று ஆரம்பிப்பாள். இந்த வாரமும் அப்படித்தான் ஆரம்பித்திருப்பாள். எந்த வரியில் அவள் குரல் நின்றிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

கோமு, நான் உன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன். எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விடாதே. பேசாமல் இருந்துவிடாதே, அது நான் செய்கிற வேலை. ரிஜிஸ்டரின் கடைசிப் பக்கத்தில் நான் எழுதி வைத்த ஒரு சொல், நகநாவோரி, இன்னும் உபயோகப்படாமல் கிடக்கிறது. அதற்கு முதலில் நாம் சண்டை போட வேண்டும்.

நான் எழுந்துகொள்கிறேன். ஜன்னல் பக்கம் நீ வா. வந்து உட்கார்ந்து, திட்டு.